ல-வுக்கு மேலே ஒரு தைல டப்பா

மாணவனாக இருந்தபோது நான் உருவாக்கிய எழுத்துருவுக்குச் 'சீற்றம்' என்று பெயர் வைத்தேன். யார் மீது சீற்றம் என்று கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். நல்லவேளை, வடிவமைப்புக் கல்லூரியில் அப்படியெல்லாம் கேட்பது அநாகரிகம்.

கூடவே பன்னிரண்டு பக்கக் கருத்துரை. சாரம் இதுதான்: மெய்யெழுத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் உருண்டைப் புள்ளி ஓர் அடக்குமுறை. உயிரைப் பறித்துவிட்டு அதன்மேல் குத்திய முத்திரை. ஆகவே சீற்றத்தில் உருண்டை கிடையாது. மூன்று கண்ணாடிச் சில்லுகள்தான் புள்ளி.

"சில்லுகளுக்கு நடுவுல இருக்கிற வெற்றிடம் பேசுது" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். எதைக் காட்டினாலும் அதன் வெற்றிடம் அவரிடம் வந்து பேசும். அதனால் எங்களுக்கு அவர் பெயரே வெற்றிடம்.

இறுதி மதிப்பெண்ணுக்கு எழுத்துரு ஏதாவதொரு நிஜமான பலகையில் ஏற வேண்டும். அக்கா மாட்டினாள். பத்து வருடம் பாடம் நடத்திய பள்ளியை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த ஒரு மாடியறை பிடித்திருந்தாள். பெயர், வெறும் 'கல்வியகம்'. வரைந்ததைக் காட்டியதும் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"புள்ளி எங்கடா?"

"இருக்குக்கா. உத்துப் பாரு."

"எங்கிட்ட வரப்போறது ரெண்டாங்கிளாசு. அதுங்க சாப்பிடற தட்டையே உத்துப் பாக்காதுங்க."

இருந்தாலும் தம்பியாயிற்றே என்று விட்டுக்கொடுத்தாள்.

திறப்பு ஞாயிறு காலை பத்து மணிக்கு. பெற்றோரும் பத்துக்கு, வெற்றிடமும் பத்துக்கு. ஒன்பதே காலுக்கு நான் ஏணியில் ஏறிப் பலகைமேல் ஒட்டியிருந்த செய்தித்தாளைக் கிழித்தேன். மருந்துக்கடை வைத்திருக்கும் அத்தான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"கலவி…"

மேலே வாசிக்கவில்லை.

"மச்சான், உங்கக்கா என்னதான்யா ஆரம்பிக்கிறா?"

ஒரு சாண் உயரச் சிவப்பெழுத்தில், பேருக்குக்கூட ஒரு புள்ளியில்லாமல், பலகை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது: கலவியகம. கலவி என்பது படுக்கையறைச் சங்கதிக்கு முன்னோர்கள் வைத்த கௌரவமான சொல். அதற்கு ஓர் அகமும் கட்டி, மாடிப்படிக்கு அம்புக்குறியும் போட்டிருந்தேன்.

ஸ்டிக்கர் வெட்டியவருக்குப் போன் போட்டேன்.

"மிஷின் வெட்டினதும் வேண்டாத துண்டையெல்லாம் இடுக்கியால புடுங்கறதுதானே தம்பி வேலை? எழுத்துக்கு மேல பொடிப்பொடியாக் கெடந்துச்சு, கழிவுன்னு எடுத்துட்டேன். இப்ப நீட்டா இல்ல?"

"அது புள்ளிண்ணே!"

"புள்ளின்னா உருண்டையால்ல இருக்கணும்?"

என் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரே வரியில் மதிப்புரை. உடனே வரவும் முடியாதாம், வெளியூரில் இருக்கிறாராம்.

அக்கா இறங்கி வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எரநூறு வீட்டு வாசல்ல போய் நின்னு கூப்பிட்டிருக்கேன்டா."

"துணி போட்டு மூடிடலாமாக்கா?"

"இந்தப் பேரை எழுதி மூடியும் வச்சா இன்னும் மோசமா நெனப்பாங்க" என்றார் அத்தான்.

மிச்சச் சிவப்பு ஸ்டிக்கர் தாள் கையகலம் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்துச் சில்லு வெட்ட ஆரம்பித்தேன். முதல் சில்லு சுருண்டு விரலில் ஒட்டியது. இரண்டாவது மணிக்கட்டில். மூன்றாவதில் தாள் குறுக்கே கிழிந்தது. மணி ஒன்பதே முக்கால்.

"என்னடா பண்றே?"

"சில்லு…"

"இன்னும் சில்லா?"

கத்தரிக்கோலைப் பிடுங்கினாள். அத்தானின் சட்டைப்பையில் கையை விட்டுத் தலைவலித் தைல டப்பாவை எடுத்து, தாளில் கவிழ்த்து, சுற்றிக் கோடு போட்டு வெட்டினாள். நான் பாழாக்கியது போக ஒரு வட்டம்தான் தேறியது.

"எதுக்குக்கா வைக்க, ல-வுக்கா, ம-வுக்கா?"

"ல-வுக்குடா, மடையா! ஏறு!"

ஏறினேன். அவசரமாக ஒட்டியதில் வட்டத்துக்குள் காற்றுக் கொப்புளம். அதை நகத்தால் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் முதல் குடும்பம் திரும்பியது. இறங்கினேன். அத்தான் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பத்து மணிக்கு முப்பது பேர் போல் நின்றார்கள். வெற்றிடமும் வந்தார். தலையைச் சாய்த்துப் பலகையைப் பார்த்தார்.

"அந்த ஒத்தை வட்டம்! ம-வை மட்டும் வேணும்னே மொட்டையா விட்டிருக்கே. என்ன துணிச்சல்!"

தலையாட்டினால் போதும், முதல் வகுப்பு. ஆட்டத்தான் போனேன். அதற்குள் மகளோடு வந்திருந்த தையல்காரம்மா குரலை உயர்த்தினார்.

"டீச்சர், கடைசி ம-வுக்குப் புள்ளி எங்கே? போர்டுலயே தப்புன்னா எம்பொண்ணு உள்ள வந்து என்னத்தப் படிக்கும்?"

முப்பது முகமும் நிமிர்ந்தது. இரண்டு பேர் கிளம்பிப் போகச் செருப்பைத் திருப்பினார்கள்.

"அம்மா, அது பிழையில்லை" என்று வெற்றிடம் தொண்டையைச் செருமினார். "அது ஒரு பிரக்ஞைபூர்வமான…"

"தப்புதாங்க" என்றேன். "நான் பண்ண தப்பு."

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சேர்க்கை நோட்டைத் திறந்தாள்.

"தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தர்ற எடம்ங்க இது. மொதல்ல கண்டுபிடிச்சது நீங்க. பொண்ணு பேரைச் சொல்லுங்க."

தையல்காரம்மா யோசித்தார். திரும்பிய செருப்புகளும் யோசித்தன. பிறகு பெயரைச் சொன்னார். பின்னாலிருந்த ஒருவர் "எம்பையனையும் எழுதிக்குங்க" என்றார்.

'தன் படைப்பின்மீதே நம்பிக்கையில்லை' என்று எழுதி, வெற்றிடம் எனக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டார்.

மாடிப்படி ஏறும்போது தையல்காரம்மா திரும்பி, "தம்பி, அந்தப் புள்ளிய இன்னிக்கே வச்சிடணும்" என்றார்.

வைத்தேன். உருண்டையாகத்தான்.