புது அரிசிக்கு வயதுதான் கணக்கு

புது அரிசி சாப்பிடும் நாளில் எங்கள் வீட்டில் யாரும் சும்மா இலையில் கை வைத்துவிட முடியாது. முதல் கவளத்தைக் கையில் எடுத்து, மூத்தவர்களைப் பார்த்து, "புதுசு சாப்பிடுறேன்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் "சாப்பிடு" என்ற பிறகுதான் அது வாய்க்குப் போகும். உறவு முறை பார்ப்பதில்லை, வயதுதான். எங்கள் தாய்மாமா இறந்த பிறகு என் அக்கா குலாபிதான் வீட்டில் மூத்தவள். இந்த விஷயத்தில் அவள் போலீஸ்காரியேதான்.

அந்த வருடம் தம்பி மகாபலன் பம்பாயிலிருந்து மனைவி சவிதாவோடு வந்தான். அவள் மராட்டிக்காரி, விதவை, அவனுடைய கேன்டீனில் சமைத்தவள். கல்யாணமாகி ஆறு வருடமாக அக்கா அவளை வாசலில் சேர்க்கவில்லை. "அவ இல்லாம நானும் வரமாட்டேன்" என்று தம்பி முறுக்கிக்கொண்டதால் இப்போது சேர்த்தாள். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றிலும் கலப்பையிலும் கட்ட எல்லார் கையிலும் நெற்கதிர் கொடுத்தவள், சவிதாவைத் தாண்டிப் போனாள்.

இலை போட்டாயிற்று. தம்பி கேட்டான், நான் கேட்டேன், பிள்ளைகள் கேட்டார்கள். எல்லாருக்கும் "சாப்பிடு" கிடைத்தது. அடுத்து சவிதா கவளத்தை எடுத்தாள்.

"அக்கா, புதுசு சாப்பிடுறேன்."

சொல்லின் வாலை நறுக்கிப் பேசும் எங்கள் ஊரின் அசல் குந்தாப்புரக் கன்னடம்! கேன்டீனில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பையன்களிடம் கற்றிருக்கிறாள். எங்கள் பிள்ளைகளே வெட்கப்பட்டுப் புத்தகக் கன்னடம் பேசும்போது இவள் பேசுகிறாள். அக்கா இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சவிதாவின் கை அப்படியே நின்றது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏங்க சவிதா, உங்களுக்கு என்ன வயசு?"

தம்பிக்குப் புரையேறியது.

"அம்பத்தி நாலு."

"அப்ப நீங்க ஏன் கேக்குறீங்க? அக்காவுக்கு அம்பத்திரெண்டுதான். அவதான் உங்களைக் கேக்கணும்!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அக்கா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். புது அரிசி இலையை விட்டு எழுந்திருப்பது வீட்டுக்கு ஆகாது. வேறு வழியில்லாமல் கவளத்தை எடுத்து, விளக்கைப் பார்த்து முணுமுணுத்தாள்.

"புதுசு சாப்பிடுறேன்."

"யார்கிட்ட சொல்ற? விளக்குகிட்டயா?" என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். "சவிதக்கா, நான் புதுசு சாப்பிடுறேன்."

சவிதா பதில் சொல்லவில்லை. பழி தீர்க்கிறாளோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

"என்ன, சொல்லமாட்டீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"அக்கான்னு கூப்பிட்டியா, வாயில வார்த்தையே வரல." சவிதா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "சாப்பிடு குலாபி. வயிறார சாப்பிடு."

அக்கா கவளத்தை வாயில் போட்டாள். மென்று விழுங்க வெகுநேரம் ஆனது. பிறகு என்னை அதட்டினாள்.

"என்னடி வேடிக்கை? சவிதக்கா இலையில சோறு ஆறிப்போச்சு. சூடா கொண்டா."