மேலிருந்து வரும் தமனி

நாத்தனாருக்குத் தைராய்டு கட்டியை எடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேறு ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் அண்ணியைக் கூப்பிட்டாள். அண்ணன் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சாவு வீட்டில் அண்ணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று, "கல்நெஞ்சுக்காரி" என எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள். அண்ணிக்கு அதில் கோபம்கூட வரவில்லை. புருஷன் போனதோடு உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. கூப்பிட்டதும் கண்ணாடிக் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்து, கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் நாத்தனார் விடாமல் இருமினாள். கொஞ்ச நேரத்தில், "கட்டு இறுக்குது அண்ணி" என்றாள்.

அண்ணி குனிந்து பார்த்தாள். பஞ்சு வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் வலது பக்கக் கழுத்து உப்பியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் உப்பியது. மூச்சு விசில் மாதிரி வந்தது.

எழுந்து போய், கடையில் விலை சொல்லும் குரலில் நர்ஸிடம் சொன்னாள்: "கழுத்து வீங்கிட்டே போகுது. மூச்சு விட முடியல."

சாவகாசமாக வந்த நர்ஸ், பார்த்ததும் டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள். கட்டைக் கத்தரித்து, கட்டிலிலேயே தையலைப் பிரித்தாள். ஈரல் துண்டு போல உறைந்த ரத்தம் நழுவி வந்தது. நாத்தனார் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். அவள் நகம் அண்ணியின் கையில் பதிந்து தோல் கிழிந்திருந்தது. அண்ணிக்கு அது தெரியவேயில்லை.

மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"பொழைச்சுட்டாங்க. தைராய்டுக்கு ஒவ்வொரு பக்கமும் ரெண்டு தமனி. மேல இருந்து ஒண்ணு, கீழ இருந்து ஒண்ணு. மேல இருந்து வர்றது கழுத்துல ஓடுற பெரிய ரத்தக்குழாய்லேர்ந்து பிரியுது, வேகம் அதிகம். இருமினதுல அதைக் கட்டியிருந்த முடிச்சு நழுவிடுச்சு."

"அவ்வளவு சின்ன சுரப்பிக்கு அத்தனை ரத்தமா?"

"ஆமா, அளவுக்கு மீறி ரத்தம் குடிக்கிற சுரப்பி அது. கீழ இருந்து வர்ற தமனியை ஒட்டித்தான் குரல் நரம்பு போகுது. அதுக்கு ஒண்ணும் ஆகல."

அண்ணி தலையாட்டினாள். சந்தோஷம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை. கையைக் கழுவப் போனாள்.

மறுநாள் நாத்தனார் கண் விழித்தாள். குரல் கரகரத்தது. "பேச்சு போயிடுச்சா?"

"மூச்சுக்குக் குழாய் போட்டதால தொண்டை கட்டியிருக்கு. சரியாயிடும்."

"ஆகாட்டி உங்களுக்கு நிம்மதிதான்."

அண்ணி சிரிக்கவில்லை. ஸ்பூனால் தண்ணீரை எடுத்து அவள் உதட்டில் வைத்தாள். நாத்தனார் மெதுவாக விழுங்கினாள். கண்ணோரத்தில் ஈரம் இறங்கியது. அண்ணி அதையும் துடைத்துவிட்டாள்.

நர்ஸ் வந்து கட்டைப் பார்த்தாள். "இனிமே பயமில்ல. நீங்க வேணா வீட்டுக்குக் கிளம்புங்க."

"பரவாயில்ல, இருக்கேன்" என்றாள் அண்ணி.