பெருவிரல் தாங்கிய பாரம்

அளவு கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் பொய்யர்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை, டெய்லரே சொல்வார். டேப் இடுப்பைச் சுற்றியதும் எந்த வயிறும் முதுகோடு போய் ஒட்டிக்கொள்ளுமாம். "மூச்ச விடுங்க சார்" என்பார். "இப்ப நீங்க என்னை ஏமாத்தலாம். தெச்சு முடிச்சதும் பட்டன் உங்களை ஏமாத்திடும்." கடையே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

கத்தரியைக் கீழே வைத்தால் டெய்லருக்குப் பைக்தான் உலகம். ஊருக்கு வெளியே இருந்த ரேஸ் டிராக்கில் ஒரு கிளப்போடு சேர்ந்து சுற்றுவார். கோப்பை ஒன்றும் ஜெயித்ததில்லை. வளைவில் முழங்காலைத் தரையில் உரசிவிட்டு வந்து அதைப் பற்றி வாரம் முழுக்கப் பேசுவார், அவ்வளவுதான்.

அவருடைய மச்சினி, அதாவது பெண்டாட்டியின் தங்கை, பைக்கில் குலுக்கலைத் தாங்குகிற சஸ்பென்ஷன் வேலை பழகியவள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நிற்கும் ஃபோர்க்தான் அவளுக்குக் கைவந்த வேலை. ரோட்டில் ஓட்டுகிற ஃபோர்க் டிராக்குக்கு ஆகாது. அசுர வேகத்தில் வந்து பிரேக்கை அமுக்கினால் வண்டி மூக்குக் குத்திவிடும். ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்த ஸ்பிரிங்கை உள்ளே போட வேண்டும். பிறகு ஆளை ஏற்றி உட்காரவைத்து, ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று டேப் வைத்துப் பார்த்து, முறுக்கிச் சரிசெய்ய வேண்டும். இதுவும் ஒரு வகைத் தையல்தான், ஆளுக்கு ஆள் அளவு வேறு.

பாப்பா சொந்தமாக ஷெட் போட்டு, திறந்த நாளிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். கிளப் தலைவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவர்தான் ஒரு வழி சொன்னார். "உங்க மாமா வண்டியை செஞ்சு காட்டும்மா. நல்லா ஓடிச்சுன்னா கிளப் வண்டி அத்தனையும் இந்த சீசன் உன் ஷெட்டுக்குத்தான்." அதைக் கேட்டுவிட்டு அன்று அவள் அக்கா வீட்டுக்கு வந்து குதித்த குதியில் கூடத்து நாற்காலி ஒன்று சாய்ந்தது.

அவள் போன் செய்தபோது டெய்லர் கடையில் இருந்தார். எக்கிய வயிறு ஒன்றை அப்போதுதான் கிண்டலடித்து முடித்திருந்தார்.

"மாமா, உங்க எடை எவ்ளோ? சூட், ஹெல்மெட் எல்லாம் சேத்து சொல்லுங்க."

கடையில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "எண்பது" என்றார் டெய்லர். கல்யாணத்தன்று மாப்பிள்ளையாக நின்றபோதுகூட எண்பதைத் தாண்டியிருந்தவர். இப்போது வெறும் ஆளே தொண்ணூற்றாறு. ரைடிங் சூட் பூட்டாமல் போனதும், இரண்டு விலாவையும் பிரித்துத் தோல் பட்டை வைத்துத் தானே தைத்து, அதைப் பெண்டாட்டியிடம்கூட மூச்சுவிடாதவர்.

அந்த ஒரு சொல்லோடு போயிருந்தால்கூடப் பிழைத்திருப்பார். ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு அளவெடுக்க வரச் சொன்னாள் பாப்பா. சூட்டைக் காட்டினால் ஒட்டுத் தெரியுமே! தையல் பிரிந்திருக்கிறது என்று சொல்லி, சட்டை பேண்ட்டோடு போய் ஏறினார். "சூட்டுக்கு நான் கணக்குல சேத்துக்கறேன். விழாம இருக்க சுவத்துல விரல் வெச்சுக்கோங்க மாமா, அழுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் முன்சக்கரத்தடியில் குனிந்தாள். டெய்லர் முழங்கையைச் சுவரில் ஊன்றினார். வலது பக்கம் ஒரு டூல் பெட்டி கிடந்தது. அதன்மேல் கால் பெருவிரலை ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்து, தன் பாரத்தில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவள் டேப்பைப் பார்த்து, "அடடா, கணக்கு அப்படியே நிக்குது மாமா!" என்று சந்தோஷப்பட்டாள்.

டிராக்கில் கணக்கு நிற்கவில்லை. நேர் ரோட்டின் முடிவில் டெய்லர் பிரேக்கை அமுக்கியதும் ஃபோர்க் கடகடவென்று இறங்கி அடியில் போய் 'டங்'கென்று இடித்தது. பின்சக்கரம் தூக்கிக்கொண்டு ஆடியது. வண்டி வளைவை விட்டு விலகிப் புல்லில் ஓடி நின்றது. விழவில்லை, அது அவர் செய்த புண்ணியம். தள்ளிக்கொண்டு டிராக் ஓரத்துக் கொட்டகைக்கு வந்தபோது கிளப்பே சுற்றி நின்றது.

ஃபோர்க் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்க்க, அதன் பளபளப்பான குழாயில் பாப்பா கேபிள் டை என்கிற சின்னப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டியிருந்தாள். அது கடைசிவரை நகர்ந்து முட்டிக்கொண்டிருந்தது. கேப்டன் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா இது, பஞ்சு மெத்தையா? ஆள் உசுரு போயிருக்கும்."

"எண்பது கிலோவுக்கு இந்த ஸ்பிரிங்தான் சார் சரி. நான் அளந்தேன்." பாப்பா ஸ்குரூவை இன்னும் முறுக்கினாள். டெய்லர் மறுபடி போய் மறுபடி இடித்துக்கொண்டு வந்தார். "எங்க தப்பு பண்ணேன்னே தெரியலையே" என்று அவள் தனக்குள் முனகியது அவர் காதில் விழுந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பாவது! நெஞ்சுக்குள் ஊசி போட்டுத் தைப்பது போலிருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு எண். வாய் வந்தால்தானே? ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். கழற்றினால் முகம் தெரியும்.

"இங்கயே ஒருவாட்டி அளந்துடலாம்" என்றார் கேப்டன். "நானே பின்னால புடிச்சுக்கறேன். டெய்லர் சார், ஏறுங்க."

ஏறினார். இங்கே சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லை. பாப்பா டேப்போடு முன்னால் மண்டியிட்டாள். உண்மையாகச் சொல்கிறேன், இம்முறை ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. கால்தான் பாவி! வலது பூட் தானாக இறங்கி, நுனியால் தரையைத் தேடி ஊன்றிக்கொண்டது. டேப்பைப் படித்துக்கொண்டிருந்த பாப்பாவின் கண் மெல்லக் கீழே போனது. பூட்டின் நுனியில் நின்றது. அங்கிருந்து ஏறி விலாவில் இருந்த தோல் ஒட்டுக்கு வந்தது, பிறகு அவர் கண்ணுக்கு வந்தது.

டெய்லர் பூட்டை வெடுக்கென்று மேலே இழுத்துக்கொண்டார். இதோ, இப்போது சொல்லிவிடுவாள், மானம் கப்பலேறப் போகிறது.

அவள் எழுந்து டேப்பைச் சுருட்டினாள். "என் தப்புதான் சார். ஸ்பிரிங் மாத்திப் போட்டுட்டேன்."

"வெளிப்படையா ஒத்துக்கிட்டியே, சந்தோஷம்" என்றார் கேப்டன். "இன்னும் கொஞ்ச நாள் பழகும்மா. கிளப் வண்டியெல்லாம் பழைய இடத்துலயே இருக்கட்டும்."

"தொண்ணூத்தாறு!" என்று கத்தினார் டெய்லர். ஹெல்மெட்டுக்குள் கத்தியதால் யாருக்கும் விளங்கவில்லை. பிடுங்கி எடுத்துவிட்டு இன்னொரு முறை கத்தினார். "நான் தொண்ணூத்தாறு கிலோ! சூட் இல்லாமலே! எண்பதுன்னு பொய் சொன்னேன். அளக்கறப்ப காலை ஊனிக்கிட்டேன். அவ மேல தப்பே இல்ல, கேப்டன்!"

கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் கடையில் மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. அது தனக்கு வேண்டியதுதான் என்று தாங்கிக்கொண்டார். கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை.

"பொய் உங்களோடது, சரி. ஆள் காலை எங்க வெச்சிருக்கான்னு பாக்காம அளந்தது யாரு? நாளைக்கு இன்னொருத்தன் இதே மாதிரி ஊனிக்கிட்டா, அவன் மண்டைதான உடையும்?"

"கேப்டன் சொல்றது சரி" என்றாள் பாப்பா. "வேற யாரா இருந்தாலும் மொதல்ல காலைத்தான் பாத்திருப்பேன். மாமாங்கறதால பாக்கல."

கோபமாகச் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நேரத்தைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். கேப்டன் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார், கூட்டமும் கலைந்து அவரவர் வண்டிக்குப் போய்விட்டது. டெய்லர் வண்டியிலிருந்து இறங்கப் பார்த்தார். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

"இறங்காதீங்க மாமா" என்றாள் அவள். "சரியான ஸ்பிரிங் எதுன்னு பாக்கணும். அக்கா வீட்ல காத்துக்கிட்டு இருப்பா. நீங்க முழுசா வீடு போய்ச் சேரணும்."

பக்கத்து வண்டிக்காரர் ஒருவரைப் பின்னால் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி மண்டியிட்டாள். டெய்லர் இரண்டு காலையும் தூக்கி வைத்தார். பெருவிரலுக்கு இனி எந்த வேலையும் இல்லை. ஆனாலும் வண்டி முழுசாக அமுங்கவில்லை. அவர் உடம்பு இன்னும் எங்கேயோ இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது.

பாப்பா டேப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மூச்ச விடுங்க மாமா" என்றாள்.