ஒன்பதாம் மாதம் கத்தாது

ருக்மிணி ஆன்ட்டியிடம் நான் பேசிய பேரம் சுத்தமானது. அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில் அவர் நடத்தும் டேகேருக்கு, விண்ணப்பம் வாங்கி இடமும் ஒதுக்குகிற வெப்சைட்டை நான் இலவசமாக எழுதித் தருவேன். பதிலுக்கு, செப்டம்பர் ஒன்றாம் தேதிக்குள் இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளின் அறையில் காலியாகும் ஒரே இடத்துக்கு என் மகள் அஸ்ஃபியா வரிசையில் முதல் ஆள். அந்த இடத்தை நம்பித்தான் என் மனைவி முனவ்வரா, வருகிற செவ்வாய்க்கிழமை வேலையில் சேருவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

விண்ணப்பத்தில் பிறந்த தேதிக் கட்டத்தை நான் எழுதியபோது ஆபீஸ் நண்பன் அச்சுதன் எட்டிப் பார்த்தான்.

"பாய், ஜனவரி, பிப்ரவரின்னு பேரைப் பாத்து எடுக்கற மாதிரி மாசத்துக்குத் தனியா லிஸ்ட் வைங்க. உள்ள விடறதுக்கு முன்னாடியே செக் பண்ணுங்க."

"எதுக்கு? தப்பான தேதி போட்டா கம்ப்யூட்டரே எக்ஸெப்ஷன்னு கத்தும். கத்தினா பிடிச்சு, 'சரியாப் போடுங்க'ன்னு ஒரு மெசேஜ். மூணே வரி. கத்தலையா, சரக்கு நல்ல சரக்கு."

"கத்தாத தப்பும் இருக்கு பாய்."

"கடைக்கே வராத திருடனுக்கு நான் ஏன்டா பூட்டு வாங்கணும்?"

வெள்ளிக்கிழமை காலை ஈமெயில் வந்தது: அஸ்ஃபியாவுக்கு வயது போதவில்லை, இடம் இல்லை. அதை அனுப்பியதும் நான் எழுதிய ப்ரோக்ராம்தான். டேகேருக்கு ஓடினேன்.

"ஆன்ட்டி, ஜூன் ஒன்பதாம் தேதியே என் பொண்ணுக்கு ரெண்டு முடிஞ்சாச்சு!"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை என் பக்கம் திருப்பினார். "இங்க செப்டம்பர் ஆறுன்னு இருக்கேப்பா. அஞ்சு நாள் குறையறது."

9/6/2004. தட்டியவன் நானேதான், ஊர் வழக்கப்படி நாளை முன்னால் போட்டு. அமெரிக்கக் கம்ப்யூட்டர் ஒன்பதை மாதமாக எடுத்துக்கொண்டுவிட்டது. ஒன்பதாம் மாதம் என்று ஒன்று இருக்கிறதே, அது ஏன் கத்தப்போகிறது?

"அந்த இடத்தை யாருக்குக் கொடுத்தீங்க?"

"நான் எங்க கொடுத்தேன்? உன் ப்ரோக்ராம் கொடுத்தது. வரிசையில ரெண்டாவதா இருந்த அச்சுதன் பொண்ணு ரக்ஷாவுக்கு. அவன் வந்து கையெழுத்தும் போட்டாச்சு."

"ஒரே ஒரு குட்டி நாற்காலி கூடப் போட்டா..."

"லைசன்ஸ் போயிடும். ஜனவரியில பாக்கலாம்."

பார்க்கிங்கில் நின்று அச்சுதனுக்கு போன் போட்டேன்.

"நானும் முதல்ல 25/6ன்னுதான் போட்டேன் பாய். இருபத்தஞ்சாவது மாசம் ஏதுன்னு கத்திடுச்சு. மாத்திப் போட்டேன். சூப்பரா வேலை செய்யுது உங்க மூணு வரி."

"அப்பவே எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?"

"அதுக்கும் முன்னாடியே சொன்னேனே!"

வீட்டில் முனவ்வரா சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என்னங்க, ஊருக்குப் போகச் சேத்து வெச்ச லீவு எத்தனை நாள் இருக்கு?"

"இருபது."

"நாலு வாரம். அதுக்குள்ள வேற டேகேர் தேடுங்க. நான் சேர்றேன்."

செவ்வாய்க்கிழமை அவள் கார் கிளம்பிப் போயிற்று. நான் அஸ்ஃபியாவை மடியில் வைத்துக்கொண்டு, மாதத்துக்குத் தனி லிஸ்ட் எழுத உட்கார்ந்தேன். அவள் பால் டம்ளரை லேப்டாப்பின் மேல் கவிழ்த்தாள். கத்தியது நான் மட்டும்தான்.