தாவியதா, நடந்ததா

2011 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை, நெப்ராஸ்கா மாநிலம் ஹாட்லி நகரத்தின் ஃபெடரல் நீதிமன்றத்தில் நீதிபதி எல்மர் வான்டிவீர் நூற்று இருபத்தெட்டு வயதில் காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார். 1921இல் கிடைத்த ஆயுட்காலப் பதவி அது. 1962இல் ஒருநாள் நிலுவையில் ஒரு வழக்குகூட இல்லாமல் போனபோது நாற்பது நிமிடம் அவருக்கு மூச்சு நின்றது. ஒரு வக்கீல் ஓடிவந்து படகு மோதிய வழக்கைத் தாக்கல் செய்தார். முத்திரை குத்தியதும் நீதிபதி கண் திறந்து சாப்பாடு வந்துவிட்டதா என்று கேட்டார். அன்றிலிருந்து ஊர் வக்கீல்கள் முறைவைத்து வழக்குப் போடுகிறார்கள். அவருக்கு மட்டும் இது தெரியாது. ஆறு மாதத்துக்கு மேல் எதையும் இழுத்தடிக்காதவர் என்பதால் மார்ச், செப்டம்பர் கடைசியில் நிலுவை காலியாகப் பார்க்கும்; கிளார்க் லெஸ்டர் ஒவ்வொரு வக்கீலுக்கும் போன் போடுவார்.

அன்று மிச்சமிருந்தது ஒரே வழக்கு. மிசூரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், அயோவாவில் இருக்கும் ராய்ஸ் லோமன், இந்தப் பக்கம் இருக்கும் தம்பி டுவைட்மேல் ஒரு காளைக்காகப் போட்டது. வேறு வேறு மாநிலத்துக்காரர்கள் என்பதால் ஃபெடரல் வழக்கு.

"ரெண்டு பேரும் எப்படி வந்தீங்க?" என்றார் நீதிபதி.

"ஒரே வண்டியிலதான் ஐயா. பெட்ரோல் விக்கிற விலையில," என்றான் ராய்ஸ்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். சண்டையே இல்லாத வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். லெஸ்டர் குறுக்கே புகுந்தார்.

"சாப்பிட்டுட்டு வந்து தள்ளுபடி பண்ணுங்களேன் ஐயா. பன்றிக்கறி சாண்ட்விச் ஆறிடும்."

நீதிபதி எழுந்து போனார். பன்னிரண்டு நாற்பதுக்கு மிசூரி ஆறு தன் படுகையைவிட்டு எழுந்து, டுவைட்டின் எண்பது ஏக்கர் சோளக்காட்டுக்கு மேற்கே போய்ப் படுத்துக்கொண்டது. காடு இப்போது அண்ணன் பக்கம். இரண்டு மணிக்குச் சகோதரர்கள் தனித்தனி வண்டியில் வந்தார்கள். காளையைப் பற்றி யாரும் பேசவில்லை. மனுவைத் திருத்தித் தரும்போது ராய்ஸ் தம்பியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆறு மெல்ல நகர்ந்தா மாநில எல்லையும் கூடவே நகரும். ஒரே தாவா தாவினா எல்லை பழைய இடத்துலயே நிக்கும். எப்படிப் போச்சு?"

"தாவிச்சு ஐயா," என்றான் டுவைட்.

"பொய்யி. நடந்துதான் போச்சு. வேலிக்கிட்ட நின்னு என் கண்ணால பாத்தேன்."

லெஸ்டர் முத்திரை குத்தினார். காளை வழக்கு வாபஸ் ஆனது. நில வழக்குக்கு இருதரப்பிலும் சேர்த்து இருநூற்றுப் பதினாறு சாட்சிகள். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.