பினாங்குக்குப் போகும் தராசு

கெலமங்கலத்தில் கடலைப் பார்த்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் மூன்றாமவர் பார்த்தது ஓசூர் ராமநாயக்கன் ஏரி என்பது அவரைக் கொஞ்ச நேரம் பேசவிட்டால் தெரிந்துபோகும். ஆனாலும் புளி வியாபாரம் செய்யும் முனிலட்சுமி மலாயாவுக்குக் கப்பலேறப் போகிறாள் என்ற செய்தி பரவிய அன்றைக்கே ஊரில் அத்தனை பேருக்கும் மலாயா தெரிந்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள்.

"அங்க வெயிலுன்னா வெயிலு, அப்பளம் சுட அடுப்பே வேணாமாம். மெல்லிசுப் புடவையா எடுத்துக்கோ" என்றாள் ஒருத்தி. "கடல் காத்து எலும்பைக் கடிக்கும், ரெண்டு கம்பளி வை" என்றாள் இன்னொருத்தி. புருஷனின் அண்ணன் பெண்டாட்டி வெங்கடம்மாள் ஒரு படி மேலே போனாள். "கப்பல்ல தண்ணி உப்பாத்தான் இருக்கும். வெல்லம் வெச்சுக்கோ, கலந்து குடிச்சா சரியாப் போயிடும்."

இனாமாக வரும் சரக்கில் கலப்படம் அதிகம் என்பது சந்தையில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா என்ன? எல்லாவற்றுக்கும் "ஆகட்டுங்க்கா" என்று தலையாட்டினாள். நடுவீட்டில் தகரப் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. அதில் என்ன போகவேண்டும் என்று அவள் மனசில் ஒரு கணக்கு இருந்தது. அதை அவள் யாரிடமும் விரிக்கவில்லை.

அவள் புருஷன் திம்மராயன் நாற்பத்தேழில் மலாயா போனவன். சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை. ஆறு வருஷத்தில் கடிதம் பதினொன்று வந்தது, ஆள் ஒரு தடவைகூட வரவில்லை. முதல் வருஷம் அவள் அழுதாள். இரண்டாம் வருஷம் மழை பொய்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் போய்ப் புளி வாங்கிவந்து, சந்தையில் புங்கமரத்தடியில் கடை போட்டாள். மூன்றாம் வருஷம் கிருஷ்ணகிரி மண்டிக்காரர் ஒருவர் அவளோடு அரை நாள் பேரம் பேசித் தோற்றுவிட்டு, "இந்தம்மா நாக்குல இருக்கிற புளிப்புல பாதிகூட புளியில இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். அதை அவள் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

இப்போது ஐம்பத்து மூன்றாம் வருஷம், ஆனி மாதம். ஆகஸ்டு பிறந்தால் மலாயாவுக்குள் ஆள் நுழையும் சட்டம் இறுகிவிடும், அதற்குள் வந்து சேர் என்று திம்மராயன் எழுதியிருந்தான். கூடவே ஒரு பட்டியல். முனிலட்சுமிக்குப் படிக்கத் தெரியாது. புருஷனின் அண்ணன் கோவிந்தப்பன்தான் படித்தார், கோயிலில் ஏலம் விடும் குரலில்.

"பட்டுப் புடவை நாலு. ஜரிகை ரவிக்கை நாலு. புதுக் குடை ஒண்ணு. தோல் செருப்பு ஒரு ஜோடி. ‘நான் இப்போது தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். கிராணியின் சம்சாரம் லட்சணமாக வந்து இறங்கவேண்டும். சந்தை, தராசு இத்யாதிகளை அங்கேயே தலைமுழுகிவிட்டு வரவும். இங்கே என் மரியாதை உன் கையில்.’"

கடைசி வரியை அவர் இரண்டு தடவை படித்தார்.

"ஆறு வருஷமா என் மரியாதை யார் கையில இருந்துச்சு மாமா? அதையும் எழுதியிருக்காரா பாருங்க" என்றாள் முனிலட்சுமி.

கோவிந்தப்பன் நிஜமாகவே காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

அன்று மத்தியானமே அவள் ஜமீர் அகமதுவின் ஜவுளிக்கடைக்குப் போனாள். ஊரில் கடலைப் பார்த்த மூன்று பேரில் முதல் ஆள் அவர்தான். பினாங்கில் ஒன்பது வருஷம் துணிக்கடையில் நின்றுவிட்டு, ஜப்பான் சண்டை முடிந்ததும் ஊர் திரும்பியவர். பட்டியலை அவரிடம் ஒப்பித்தாள்.

"பட்டா? நாலா?" ஜமீர் பாய் கையிலிருந்த கெஜக்கோலைக் கீழே வைத்தார். "தங்கச்சி, அங்க மத்தியானமானா மழை ஊத்தும். பெட்டியில வெச்ச பட்டு ரெண்டே மாசத்துல தேமல் வந்த முதுகாட்டம் ஆயிடும். தோல் செருப்புல பூசணம் முளைக்கும், நீ பறிச்சுக் குழம்பு வெக்கலாம்."

"வெயில் ஊருன்னாங்களே பாய்?"

"வெயிலுந்தான். நம்மூரு வெயிலு வறுக்கும், அது வேகவெக்கும். நூல் புடவையா ஆறு எடு, அலசிப் போட்டா காயும். குடை அங்கயே சல்லிசு. எண்ணெய், சீப்பு, சோப்பு எல்லாம் அங்கயே கெடைக்கும். ஊர்ல உள்ளவங்க சொன்னதுல எதை எடுத்துக்கிட்டே?"

"வெல்லம் மட்டும். அது எனக்குப் புடிக்கும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "தராசு எடுத்துட்டுப் போகலாமுங்களா?"

பாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எடைக்கல்லுமா?"

"கல்லு இல்லாத தராசு என்னாத்துக்கு? புடவைக்கு நடுவுல சுத்தி வெச்சிருக்கேன்."

"அடக் கஷ்டமே. வீசைக்கல்லு அங்க செல்லாதும்மா. அங்க எல்லாம் கட்டிக் கணக்கு. கட்டின்னா அவங்க எடை, நம்ம வீசையில பாதிகூட வராது. நீ வீசைக்கல்லைத் தூக்கி வெச்சா வாங்கறவங்க சிரிப்பாங்க."

முனிலட்சுமி தன் கற்களை நினைத்துப் பார்த்தாள். வருஷா வருஷம் சர்க்கார் முத்திரை குத்தி வாங்கிய நாலு கற்கள். கையில் எடுத்தால் எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அதைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப கல்லு இங்கயே கெடக்கட்டும் பாய். தண்டுக்கு வீசையும் தெரியாது, கட்டியும் தெரியாது. எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் சாயும், அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்சது. அதைக் கொண்டுபோறேன். கல்லை அந்தந்த ஊர்ல வாங்கிக்கலாம்."

"ஒன்பது வருஷம் அங்க இருந்தேன், எனக்கு இது தோணலயே!"

"நீங்க துணி அளந்தீங்க. கெஜம் எங்க போனாலும் மூணு அடி."

பாய் சிரித்துக்கொண்டே, தண்டுக்கு விளக்கெண்ணெய் தடவி எடுத்துப்போகச் சொன்னார். கடல் காற்று துருவைத் தாய்ப்பால் கொடுத்து வளர்க்குமாம். நம் ஊர்ப் புளி அங்கே எப்படிப் போகும் என்று கேட்டாள். "அங்க புளின்னு ஏதோ ஒரு காஞ்ச பழத்துண்டைப் போட்டுக் குழம்பு வெக்கிறாங்க. நம்ம ஜனங்க நல்ல புளி கண்டா கண்ணுல ஒத்திக்கும்" என்றார். அவளுக்கு அது போதும்.

கற்கள் இறங்கிய இடத்தில் புளி ஏறியது. உப்புப் போட்ட புளி ஈரக் காற்றில் கசிந்து புடவையெல்லாம் கறையாக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பில்லாமல், கொட்டையும் நாரும் நீக்கி, தூறல் விட்ட இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, ஓலைப்பாயில் இறுக்கிக் கட்டினாள். அதன்மேல் நூல் புடவை ஆறு, கல்யாணப் பட்டு ஒன்று, தராசின் இரண்டு பித்தளைத் தட்டுகள், ஒரு அச்சு வெல்லம். தண்டுதான் அடங்கவில்லை. பெட்டி இரண்டடி, தண்டு இரண்டரை அடி. எண்ணெய் தடவி, பழந்துணி சுற்றி, சுவரில் சாய்த்துவைத்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் கோவிந்தப்பன் வந்தார். வாசலில் நாலு எடைக்கற்களும் கிடப்பதைப் பார்த்து முகம் மலர்ந்தது.

"பரவால்லயே, புத்தி வந்துடுச்சு. கல்லை எறக்கிட்டே."

"எறக்கிட்டேன் மாமா. அங்க அது செல்லாதாம்."

உள்ளே வந்தவர் சுவரோரம் பார்த்தார். துணிச் சுற்றுக்குள் இருப்பது என்னவென்று தெரிந்ததும், கோபம் வந்தால் தமிழை விட்டுத் தெலுங்குக்குப் போய்விடும் அவர், "சாலு, சாலு!" என்று கத்தினார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு தமிழுக்குத் திரும்பினார். "போதும் நீ குடும்ப மானத்தை வாங்கினது! கிராணி பொண்டாட்டி தராசைத் தூக்கிட்டுக் கப்பல் எறங்குவாளா? தம்பி எழுத்துமூலமா எழுதியிருக்கான். பாஸ்போர்ட்டும் கப்பல் சீட்டும் எங்கிட்டத்தான் இருக்கு, தெரியுமில்ல? தராசு இந்த ஊட்டுல நின்னாத்தான் அது என் சட்டைப் பையை விட்டு வெளிய வரும்."

"குடுக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"சரிங்க மாமா."

அவள் பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்தாள். வெல்லத்தை எடுத்து அடுக்களையில் வைத்தாள். புடவைகளை ஒவ்வொன்றாய் உதறிக் கொடியில் போட்டாள். புளி மூட்டையை அவிழ்த்தாள்.

"என்னா பண்றே?"

"நாளைக்குச் சந்தையாச்சே. உப்புப் போட்டு எடுத்து வெக்கணும்."

சந்தையில் பேரம் படியாதவன் எழுந்து போவதுபோல் நடிப்பதுண்டு. மூன்றாவது எட்டில் திரும்பிப் பார்ப்பான், கூப்பிடமாட்டார்களா என்று. முனிலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. திம்மராயனைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசையில்லாமல் இல்லை. பொய் சொல்லும்போது காதைச் சொறிவான். அந்தக் காதை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். ஆனால் அங்கே போய், கையைக் கட்டிக்கொண்டு, பட்டுக்குள் உட்கார்ந்து, யாரோ ஒருவருக்கு லட்சணமாக இருந்து காலம் தள்ளுவதென்றால், அதற்கு இந்தப் புங்கமரத்தடி மேல். கொடியில் கிடந்த புடவையைச் சுருக்கம் போக இழுத்துவிட்டாள்.

"அக்கா" என்று வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள். வாசலில் வெங்கடம்மாள் காது கொடுத்து நின்றிருந்தாள். "நாளைக்குப் புங்கமரத்தடியில எனக்குப் பதிலா நீங்க கடை போட வேணாம். நானே போறேன். மாமா, நடுச்சுவத்துல வழி இடிக்கறதுக்குக் கரிக்கோடு போட்டீங்களே, அதைத் தண்ணி தொட்டு அழிச்சிருங்க. தச்சன்கிட்ட சொன்ன கதவு வேணாம்னுடுங்க."

அந்த வீட்டில் கோவிந்தப்பனுக்கு ஒரு பாதி, தம்பிக்கு ஒரு பாதி. தம்பி பாதியை இடித்துச் சேர்த்து, அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். சம்பந்தி வீட்டாருக்கு "பெரிய வீடு" என்று வாய்விட்டாகிவிட்டது.

முதலில் இறங்கியது வெங்கடம்மாள்தான். "ஏனுங்க, குடுத்துத் தொலைங்க. தராசு போனா நம்ம ஊட்டுல என்னா கொறைஞ்சு போச்சு?"

"நீ சும்மா இரு." அவர் முனிலட்சுமி பக்கம் திரும்பினார். குரல் ஒரு சாண் இறங்கியிருந்தது. "சரி. பெட்டி அடியில வெச்சு மூடிடு. ஊர் கண்ணுல படாம போகட்டும்."

"பெட்டியில அடங்காது மாமா. கையிலதான் வரும்."

"பாதியா அறுத்து வை."

"அறுத்த தண்டு ஒரே பக்கமாச் சாயும். அப்படிச் சாயறதுக்குத்தான் ஊர்ல ஏற்கெனவே பஞ்சாயத்து இருக்குதே."

வெங்கடம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கோவிந்தப்பன் கரிக்கோட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டையும் சீட்டையும் எடுத்துப் பெட்டிமேல் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"அவன் துறைமுகத்துல உன்னை இந்தக் கோலத்துல பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டான்னா?"

அந்த ஒரு கேள்விக்கு அவர் ஏச்சுப் பேச்சில்லாமல் நிஜமாகவே பதில் தேடினார் என்று முனிலட்சுமிக்குத் தோன்றியது.

"அதை அவர்கிட்டயே கேட்டுடலாம் மாமா. இன்னிக்கே போட்டா கடுதாசி எனக்கு முன்னால போய்ச் சேர்ந்துடும்."

அன்று மாலை விமானத் தபால் காகிதத்தை ஜமீர் பாய் கடைப் பலகையில் வைத்துக்கொண்டார். அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

"எழுதுங்க. ‘நான் வரேன். பட்டு ஒண்ணுதான் வருது. தராசுத் தண்டு என் கையில வருது. இந்தக் கையோட என்னை வேணும்னா பினாங்குத் துறைமுகத்துக்கு வாங்க. வேணாம்னா வர வேணாம், நான் யாரையாச்சும் கேட்டுச் சந்தைக்கு வழி தெரிஞ்சுக்கிறேன்.’"

பேனா நின்றது. "தங்கச்சி, இந்த ‘வர வேணாம்’ங்கறதைக் கொஞ்சம் எண்ணெய் தடவி எழுதட்டுமா?"

"எண்ணெய் தண்டுக்குப் போதும் பாய். கடுதாசிக்கு வேணாம்."

அவர் சொன்னபடியே எழுதினார். ஒட்டப்போகும் சமயத்தில் அவள் கை நீட்டித் தடுத்தாள். "‘உடம்பைப் பாத்துக்கவும்’னு ஒரு வரி போடுங்க." அதையும் எழுதினார்.

மறுநாள் காலை கிருஷ்ணகிரி பஸ்ஸில் பெட்டி கூரைமேல் ஏறியது. ஜோலார்பேட்டையில் ரயிலேற்றிச் சென்னைத் துறைமுகம் வரை கொண்டுபோய்விடக் கோவிந்தப்பனும் வந்தார். ஆனால் மூன்று வரிசை முன்னால் போய் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே முன்பின் தெரியாதவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். முனிலட்சுமி தண்டை மடியில் குறுக்கே வைத்திருந்தாள். சுற்றியிருந்த துணியை ஊரின் நடுவிலேயே அவிழ்த்துவிட்டாள். புங்கமரத்தடிப் பெண்கள் கையசைத்தார்கள். அவளும் தண்டைத் தூக்கிக் காட்டினாள்.

ராயக்கோட்டை தாண்டியதும் கண்டக்டர் வந்தார். தண்டைப் பார்த்தார்.

"எந்தச் சந்தைக்கும்மா?"

"இன்னும் நான் பாக்கல. கப்பல் எறங்கித்தான் விசாரிக்கணும். நீங்க கிருஷ்ணகிரிக்கு ஒரு சீட்டு குடுங்க."