முந்தாநாள் ஊற்றிய சோப்பு

கணவன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையானபின், வீட்டில் சோப்பு செய்து விற்பதைவிட்டால் அவளுக்கு வேறு கதியில்லை. ஊற்றிய சோப்பு ஒரு மாதம் காய்ந்தால்தான் தோலை எரிக்கும் காரம் அடங்கும். அவளோ முந்தாநாள் ஊற்றியதைக் கடைக்காரரிடம் கொண்டுபோனாள்.

"முதல்ல நீ மூஞ்சி கழுவிக் காட்டும்மா. அப்புறந்தான் அலமாரியில இடம்."

கழுவினாள். கன்னம் தீயாய் எரிந்தது.

"எப்படியிருக்கு?"

"குளுகுளுன்னு இருக்குண்ணே."

"அட, கல்யாணப் பொண்ணாட்டம் செவந்துட்டியே. சரி, வச்சிட்டுப் போ. பேத்திக்கு ஒண்ணு எடுத்துக்கறேன். இப்பத்தான் தவழுது."

அவள் அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"வேணாம்ண்ணே. இன்னும் காரம் அடங்கல."

"அப்ப எங்கிட்ட குளுகுளுன்னு இருக்குன்னு சொன்னது?"

அலமாரியில் அவளுக்கு ஒதுக்கிய தட்டில் அவர் வேறு சோப்பை அடுக்கத் தொடங்கினார்.